கரையில் நிற்பவன் கடமை

கடலை நம்பி வாழ்வோருக்குக் காற்று வெறுங் காற்றன்று; பெயரும் பருவமும் குணமும் உடைய ஓர் உறவினன் போன்றது அது. ஈழத்தின் வடபுலத்தார் தென்மேற்கிலிருந்து வீசுவதைச் சோழகம் என்பர். வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்பர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். எந்தக் காற்றில் தொழிலுக்குப் போகலாம், எந்தக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்றி வைக்கவேண்டும் என்பதைக் கரையோரச் சிறுவன் எழுத்தறியுமுன்னரே அறிந்துவிடுகிறான். அவ்வாறு அறிந்திருந்தும் அந்தக் காற்றிடமே உயிரைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு கரையூரிலும் உளர். அவர்களை இழந்து நிற்போரின் துயரம் எத்தகையது, அத்துயரம் எவ்வாறு பயனுடையதாகின்றது என்பன சிந்திக்கத்தக்கவை. உலகின் பல கரைகளில் இன்று பரவியிருக்கும் ஒரு புதிய நீர்விளையாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்விளையாட்டுப் பட்டச் சறுக்கல். ஆங்கிலேயர் அதனைக் கைட் சேர்ஃபிங் என்பர். காலிற் பூட்டிய ஒரு பலகைமீது நின்றுகொண்டு, இடுப்பிற் கட்டிய கச்சையோடு ஒரு பெரும் பட்டத்தைப் பிணைத்து, காற்றின் இழுவையால் நீர்மேல் விரைந்து செல்வதே அது. பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெஞூ என்னும் சகோதரர் இருவர், காற்றடைத்த விளிம்புகொண்டதும் நீரில் விழுந்தாலும் மீண்டும் எழக்கூடியதுமான பட்டத்துக்கு 1984 ஆம் ஆண்டிற் புனைவுரிமை கோரினர். 1990 களின் இறுதியில் அது பல நாடுகளிற் பரவிற்று. 2024 ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் அதன் ஒரு வகை முதன்முறையாக இடம்பெற்றது. இலங்கையில் கற்பிட்டியிலும் மன்னார்த் தீவிலும் சோழகக் காலத்தில் இவ்விளையாட்டினர் கூடுகின்றனர். மன்னார்த் தீவின் தென்கரையிலும் கிளிநொச்சி மாவட்டத்துப் பளையிலும் காற்றாலைகளைச் சுழற்றி மின்னாக்கும் அதே காற்றுத்தான் இவர்களின் பட்டங்களையும் இழுக்கின்றது.

இதன் இயல்பை வடபுலத்தார்க்கு விளக்குதல் எளிது. தைப்பொங்கற் காலத்தில் விண் பூட்டிய கொக்குப் பட்டத்தை ஏற்றிய எவரும் அதன் இழுவையைக் கையில் உணர்ந்திருப்பர். முச்சை சற்றே பிழைத்தாலும் பட்டம் குத்துக்கரணமடிக்கும். காற்று மூண்டெழுந்தால் நூல் விரலை அறுக்கும். அத்தகைய பட்டமொன்று 10 அல்லது 12 சதுர மீற்றர் பரப்புடையதாய், 20 மீற்றருக்கு மேற்பட்ட உறுதியான கயிறுகளால் ஒரு மனிதனின் இடுப்போடு பிணைக்கப்பட்டிருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறுவன் கையிலுள்ள நூலை விட்டுவிடலாம். இடுப்பிற் பூட்டிய கயிற்றை அவ்வாறு விட்டுவிட இயலாது. இவ்விளையாட்டின் இன்பமும் ஆபத்தும் இவ்வொரு வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது. வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். ஆதலால், மெல்லிய காற்றுக்கெனத் தெரிந்த பெரிய பட்டம், மழைமுகிலுக்கு முன்னே பாயும் திடீர்க் காற்றில் ஓர் ஆளைத் தரையிலிருந்து தூக்கி எறியும் வலிமை பெற்றுவிடுகிறது. ஆழ்கடலில் நேரும் விபத்தே கொடிது என்று பலரும் எண்ணுவர். ஆனால் இவ்விளையாட்டில் கரையும் கரையோரமுமே பேராபத்துடையவை. நீர் மனிதனை ஏந்திக்கொள்ளும். கல்லும் மதிலும் மரமும் அவ்வாறு ஏந்திக்கொள்வதில்லை.

2002 ஆம் ஆண்டு யூலை மாதம் ஜேர்மனியில் நடந்த ஒரு போட்டியில் இவ்வுண்மை துயரமான முறையில் வெளிப்பட்டது. சில்க்கே கோர்ல்ட் என்னும் பெண்மணி அந்நாட்டில் இத்துறையிற் சிறந்து விளங்கியவர். முந்திய ஆண்டின் தேசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றவர். அன்று அவருடைய பட்டம் மற்றொருவரின் பட்டத்தோடு சிக்குண்டது. இழுவை எல்லை மீறியது. அவருடைய கச்சையோ எளிதிற் கழற்ற இயலாத ஓர் இரும்புக் கொளுவியினாற் கயிற்றோடு பிணைக்கப்பட்டிருந்தது. கற்கள்மீது இழுத்துச் செல்லப்பட்டு அவர் உயிர் நீத்தார். அவர் கற்றுக்குட்டியல்லர், அஞ்சாமையால் அறிவிழந்தவருமல்லர். தேர்ந்தவர் ஒருவர், தோழர் பலர் சூழ்ந்திருக்க, பட்டப்பகலில் மாண்டார் என்பதே அவருடைய தோழரை உலுக்கிய செய்தி.

இத்தகைய சாவின்முன் நிற்போர் இருவகைப் பிழைகளுக்கு ஆளாவர். ஒன்று, எல்லாவற்றையும் விதியின்மேற் சுமத்துவது. "விரும்பியதைச் செய்துகொண்டே போய்விட்டாள், அதுவும் ஒரு பேறே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் அவ்வகையினதே. அது ஆறுதல் தரும், அடுத்தவனைக் காவாது. மற்றது, மாண்டவர்மேற் குற்றஞ் சுமத்துவது. "சொன்னதைக் கேட்டிருந்தால் இப்படி வந்திராது" என்பது சாவு வீட்டு முற்றத்திலும் கேட்கும் பேச்சு. அது சொல்பவனுக்கு ஓர் அமைதியைத் தருகிறது. தனக்கு அவ்வாறு நேராது என்னும் பொய்யமைதி அது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. என்ன நடந்தது, எந்தக் கணத்தில் எது கைக்கெட்டியிருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்று அன்போடும் ஒளிவுமறைவின்றியும் கேட்பதே அவ்வழி.

பட்டச் சறுக்கல் செய்வோர் காலப்போக்கில் அவ்வழியையே பற்றினர். இழுவையின் நடுவிலும் ஒரே கையால் தள்ளிக் கழற்றத்தக்க விடுவிப்புப் பூட்டு இன்று இவ்விளையாட்டுக் கருவியில் இன்றியமையாத உறுப்பாகியுள்ளது. அதனைத் தள்ளிய மாத்திரத்தில் பட்டம் ஒரே கயிற்றில் தொங்கி, காற்றை இழந்து, துணிபோல் நீரில் விழும். அதுவும் போதாதெனின் இரண்டாவது பூட்டைக் கழற்றிப் பட்டத்தை முற்றாகவே கைவிட்டுவிடலாம். பட்டங்களும் காற்றைப் பெருமளவு உதிர்த்துவிடத்தக்க வடிவம் பெற்றன. 2020 ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரநிர்ணய நிறுவனம் இவ்விடுவிப்புப் பூட்டுக்கெனவே ஒரு தரத்தை வகுத்து வெளியிட்டது. எவ்வளவு இழுவையில் அது கழலவேண்டும், எவ்வாறு சோதிக்கப்படவேண்டும் என்பன அதில் உள்ளன. புலம்பலாய்த் தொடங்கிய ஒன்று இவ்வாறு உலகத்துக்கே பொதுவான விதியாய் முதிர்ந்தது. இன்று அப்பூட்டைத் தள்ளி உயிர் தப்பும் இளைஞன் சில்க்கே கோர்ல்டின் பெயரைக் கேள்வியுற்றிருக்கமாட்டான். ஆயினும் அவனுக்கு அப்பெண்மணியிடத்தில் ஒரு கடன் உண்டு.

விதி வகுப்பது மட்டும் துயரத்தைத் தீர்த்துவிடாது; அழுவதற்கும் ஒரு முறை வேண்டும். அலைச்சறுக்கல் செய்வோரிடத்து அவாய்த் தீவுகளிலிருந்து பரவிய வழக்கம் ஒன்றுண்டு. தோழன் ஒருவன் மறைந்தால் அனைவரும் தத்தம் பலகைகளில் கிடந்து, கைகளால் நீரைத் துழாவிக் கடலுட் சென்று, வட்டமாக அமர்வர். கரங்கோத்து மௌனமாயிருந்து, பூக்களை நீரிற் சொரிவர். அலைச்சறுக்கலை உலகறியச் செய்த டியூக் கஹனமோக்கு 1968 ஆம் ஆண்டு சனவரியிற் காலமானபோது, அவருடைய அஸ்தி வைக்கீக்கிக் கடலிற் கரைக்கப்பட்டது. ஓடங்களிலும் பலகைகளிலும் தோழர் உடன்சென்று விடை கொடுத்தனர். பட்டச் சறுக்கல் செய்வோரும் இவ்வழக்கத்தைத் தழுவிக்கொண்டுள்ளனர். உயிரைக் கொண்ட நீரினுள்ளேயே இறங்கி நின்று அஞ்சலி செய்வது கடலோடு பகை பாராட்டவில்லை என்று உரைப்பது போன்றது.

இது வன்னிக் கரையார்க்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் இதன் உட்பொருள் அவர்கட்குப் பழகியதே. முல்லைத்தீவு மாவட்டத்தின் கடற்கரை, தெற்கே கொக்கிளாய் தொடங்கி வடக்கே சுண்டிக்குளம் நோக்கி ஏறக்குறைய 70 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அக்கரையில் ஒரு படகு குறித்த வேளையில் திரும்பாவிடின், ஊரின் பிற படகுகள் தம் தொழிலை விடுத்துத் தேடப் புறப்படும். முன்னாள் வலைத்தகராற்றில் முகங்கொடுத்துப் பேசாதிருந்தவனும் அன்று எரிபொருளைக் கணக்குப் பாராது ஊற்றிக்கொண்டு போவான். உடல் கரை சேர்ந்தால், அடக்கம் முடியும்வரை வலைகள் மணலிற் கிடக்கும். கரைவலைக் கயிற்றை எவரும் தொடார். உடல் கிடையாதவிடத்துத் துயரம் இன்னும் நீளும். தர்ப்பையால் உருவமைத்து எரியூட்டச் சைவ முறையில் இடமுண்டு. கத்தோலிக்கர் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பர். எனினும், கதவடியிற் காலடி கேட்குமென்று காத்திருக்கும் ஒரு மனைவிக்கோ தாய்க்கோ எந்தக் கிரியையும் எளிதில் முடிவாக அமைந்துவிடுவதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடிய பின்னர், ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றி நிற்போரின் முகங்களில் அக்காத்திருத்தலைக் காணலாம்.

துயரத்தைக் காவலாக மாற்றும் அறிவும் இக்கடலுக்குப் புதிதன்று. முன்னாளில் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர், கல்லைக் காலிற் பிணைத்து ஆழத்துக்கு இறங்குவர். அவரை மேலே இழுத்தெடுக்கும் கயிற்றைத் தோணியிலிருந்து ஒருவர் பிடித்திருப்பார். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையிலேயே கொடுப்பர் என்று மரபாகச் சொல்லப்படுகின்றது. தன் சகோதரி தாலியிழக்க எந்த மைத்துனனும் சம்மதியான். ஆதலால் அவன் கண் இமையாது, கை தளராது. முத்தெடுப்பவன் திறமை மூச்சடக்குவதில் உள்ளது. அவன் உயிரோ மேலேயிருப்பவன் கவனத்தில் உள்ளது. இவ்வறிவு எத்தனை சாவுகளின் பின் முதிர்ந்ததோ, அவற்றின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

அத்தகைய அறிவு இன்று வன்னியின் இளைஞர்க்குத் தேவைப்படுகின்றது. பட்டச் சறுக்கல் செய்வோர் விரும்புவது ஆழமற்ற, அலையடங்கிய நீர்ப்பரப்பு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகளும், மேற்கே பூநகரிப் பக்கத்துக் கடலும் கண்ணுக்கு அவ்வாறே தோன்றும். மன்னாரிற் கண்டதை இங்கும் செய்து பார்க்க ஆசை எழுதல் இயல்பு. ஆசையைத் தடுப்பது கல்வியாகாது. ஆனால் ஒரே சோழகம் இரு கரைகளில் இருவேறு குணங் காட்டும் என்பதை முதலிற் கற்பித்தல் வேண்டும். மேற்குக் கரையில் அது கடலிலிருந்து தரைநோக்கி வீசும். தவறியவனைக் கரைக்கே கொண்டுவரும். முல்லைத்தீவுக் கரையிலோ அது தரையிலிருந்து கடல்நோக்கி வீசுவது. தரை மறைப்பதனால் கரையோர நீர் குளம்போற் சாந்தமாய்க் கிடக்கும். அச்சாந்தத்தை நம்பி இறங்கியவனின் பட்டம் விழுந்தால், அவனை ஏற்றுக்கொள்ளக் கிழக்கே வங்கக் கடலன்றி வேறு கரையில்லை. வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். காற்று கரைநோக்கி வீசினும், அலை பெருத்து, பட்டத்தோடு மனிதனையும் பனைமரங்களின்மேல் எறியத்தக்கதாய் இருக்கும். மீன்பிடிக்கும் முதியவர் இதனை நன்கறிவர். விளையாட்டைக் கற்பிக்க வருவோர் முதலில் அவரிடம் கேட்டறிதல் நலம்.

கேட்டறிந்தபின் கைக்கொள்ளவேண்டிய முறைகள் சிலவே. தனியே கடலில் இறங்கலாகாது. முகில் கறுத்துக் காற்றுத் திடீரெனக் குளிர்ந்தால், அது மழைக்கு முந்திய பாய்ச்சலென்று கண்டு, பட்டத்தை உடனே இறக்கிவிடவேண்டும். காற்றுப் போகும் திசையில் கல்லோ வேலியோ மின்கம்பியோ உள்ள இடத்திற் பட்டத்தை ஏற்றலாகாது. விடுவிப்புப் பூட்டைக் கடலில் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மணல் புகுந்து இறுகிய பூட்டு பூட்டில்லாமையை ஒக்கும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் கோழைகளின் அணிகள் அல்ல. இவை யாவினும் மேலாக, கரையில் ஒருவர் நிற்றல் வேண்டும். யார் இறங்கினார், எப்போது இறங்கினார், எப்போது திரும்பவேண்டும் என்பதை அறிந்தவராய், கடலிலிருந்து கண்ணை எடாதவராய் அவர் இருத்தல் வேண்டும். அவருக்குப் புகழில்லை; படமெடுப்போர் அவர்பக்கம் திரும்பார். ஆயினும் முத்துக் குளித்த காலத்து மைத்துனன் வகித்த இடம் அவருடையதே.

ஒருவனை இழந்த கூட்டம் அவன் படத்துக்கு மாலையிடுவதும், நீரிற் பூச்சொரிவதும், ஆண்டுதோறும் விளக்கேற்றுவதும் தக்கனவே. ஆனால் அவன் எவ்வாறு இறந்தான் என்பதை இளையோர்க்கு மறையாமற் சொல்வதும், அவ்வாறு இன்னொருவன் இறவாதபடி கரையில் ஓர் ஆளை நிறுத்துவதும் அஞ்சலியின் மறுபாதியாகும். காற்று எவர்க்காகவும் தன் திசையை மாற்றாது. திரும்பி வரும் வேளை கடந்ததும் தேடிப் புறப்பட ஒருவர் கரையில் இருக்கிறார் என்னும் நம்பிக்கை மட்டுமே மனிதன் மனிதனுக்குக் கொடுக்கக்கூடியது.