நாடக மேடையிலிருந்து கச்சேரி மேடைக்கு: கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் இசை நாடக மேடையில் பெரும்புகழ் பெற்று, பின்னர் வேடத்தைக் கலைத்துவிட்டுக் கச்சேரிப் பாடகியாக விளங்கியவர். பெயரின் முன்னெழுத்தான "கே", அவர் பிறந்த கொடுமுடியைக் குறிக்கும். நாடகத்தில் பாடியவர் கச்சேரிக்கு வந்து அமரும்போது எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல சான்று.

மேலைநாட்டு வழக்கம்

ஐரோப்பாவிலும் இக்கேள்வி உண்டு. அங்குள்ள இசை நாடகம் ஓபெரா. அதன் பாடகர்கள் ஒலிபெருக்கி இல்லாமலே பெரிய வாத்தியக் குழுவை மீறிக் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடுவர். வாத்தியக் குழுவின் ஒலி சுமார் 500 ஹெர்ட்சு அளவில் வலுவாக இருக்கும். பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், 3000 ஹெர்ட்சை ஒட்டித் தம் குரலின் ஆற்றலைக் குவிக்கிறார். அதனால்தான் அவர் குரல் அமுங்கிப்போவதில்லை.

அதே பாடகர் கவிதைக்கு இசையமைத்த தனிப்பாடல்களைப் பாட வரும்போது, துணைக்கு ஒரு பியானோ மட்டுமே இருக்கும். உடை, திரை, கதை எதுவும் இல்லை. இவ்வகைப் பாடல்களில் முதன்மையானவர் சூபர்ட். 31 வயதில் இறந்த இவர் 600க்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றினார். கதேயின் கவிதைக்கு 1815இல் அவர் இசையமைத்த "எர்ல்கோனிக்" பாடலில் கதை சொல்பவர், தந்தை, நோயுற்ற மகன், மாயப்பேய் ஆகிய நால்வரையும் ஒரே பாடகர் நின்ற இடத்திலிருந்து குரலால் மட்டுமே காட்ட வேண்டும்.

காவிரிக் கரையில்

இது நமக்குப் புதிதன்று. கதாகாலட்சேபம் செய்யும் பாகவதரும் இதைத்தான் செய்கிறார். நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார், "நந்தனார் சரித்திரக் கீர்த்தனை"யை இவ்வழக்கத்திற்கு ஏற்பவே இயற்றினார். பண்ணையாள் நந்தனும் அவனைத் தில்லைக்கு விட மறுக்கும் வேதியரும் ஒரே தொண்டையிலிருந்து வருவார்கள். அக்கதையிலிருந்து பிரிந்து வந்த மாஞ்சி ராகப் பாடல் இன்று கச்சேரிகளில் தனியாகப் பாடப்படுகிறது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களும், திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரின் "பிரகலாத பக்தி விஜயம்", "நௌகா சரித்திரம்" ஆகிய இசை நாடகங்களின் பாடல்களும் இவ்வாறே கச்சேரிக்கு வந்தவை. அப்படியிருக்க, "அது நாடகப் பாட்டு" என்று ஒரு பாடலையோ பாடகரையோ ஒதுக்கிய பழைய ரசிகர்களின் தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை.

உண்மையான வேறுபாடுகளும் இருந்தன. நாடகத்தில் கொட்டகையின் கோடி வரை கேட்க வேண்டி உயர்ந்த சுருதியில் பாடினர். பக்கத் துணை ஹார்மோனியம். (அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்து, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே தளர்த்தியது.) "ஒன்ஸ்மோர்" கேட்டால் இறக்கும் காட்சியில் இருப்பவரும் எழுந்து மறுபடி பாடுவார்! கச்சேரியிலோ ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் என்று ராகத்தைத்தான் வளர்க்க வேண்டும்; பாத்திரம் துணைக்கு வராது.

1933க்குப் பின்

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, உச்ச சுருதியில் பாடி மக்களைக் கட்டிப்போட்டவர். சுந்தராம்பாள் அவருடன் இணைந்து நடித்து, 1927இல் அவரை மணந்தார். 1933 டிசம்பர் 2இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அதன்பின் அவர் வெள்ளைப் புடவை உடுத்தினார்; ஆண் நடிகருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். ஒதுங்கியிருந்தவரை மீண்டும் பாட அழைத்தவர்களுள் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் ஒருவர்.

மேடை ஜோடி போயிற்று, பாத்திரங்களும் போயின. குரல் மட்டும் எஞ்சியது. அக்குரலுக்குக் கைகொடுத்தது விருத்தம். தாளக்கட்டு இல்லாமல், செய்யுளின் ஒவ்வொரு சொல்லையும் ராகத்தில் தோய்த்து நிறுத்திப் பாடும் முறை அது. நாடகத்திலும் உண்டு, கச்சேரியிலும் உண்டு. சொல் சிதையாமல் அதைப் பாடுவதில் அவருக்கு நிகரானவர் சிலரே.

1935இல் வெளிவந்த "பக்த நந்தனார்" படத்தில் அவர் ஆண் வேடமேற்று நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. வேதியராக நடித்தவர் கச்சேரி வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். நாடகக்காரரைக் கச்சேரிக்குள் விடலாமா என்று சிலர் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கச்சேரிக்காரரே வேடம் கட்டி வந்துவிட்டார்!

பின்னாளில் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு "இசைப் பேரறிஞர்" பட்டம் அளித்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. "ஔவையார்" (1953), "பூம்புகார்" (1964), "திருவிளையாடல்" (1965) ஆகிய படங்களில் அவர் ஏற்றவை துறவியரும் மூதாட்டியருமான வேடங்களே.

நீடாமங்கலத்தில் என் சிறுவயதில் மார்கழி விடியலில் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் அவர் குரல் வயல்களைத் தாண்டிக் கேட்கும். ஆசிரியரான பிறகு, "திருவிளையாடல்" படத்தில் ஔவையாராக அவர் பாடியதை ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை ஒலிக்கச் செய்தேன். "சார், இது சினிமாப் பாட்டா, சாமிப் பாட்டா, கச்சேரிப் பாட்டா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரே சொல்லில் என்னால் பதில் கூற முடியவில்லை. படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேள் என்று மட்டும் சொன்னேன்.