கோப்பில் மாறியது, பூட்டில் மாறவில்லை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். பேரிலேயே காவல் இருக்கிற ஊர். வானியலாளர் வேணு பாப்பு 1960-களில் தேடிப் பிடித்த இடம். 1972-இல் இங்கே 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. மறைப்பு தொடங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கி மீண்டதைக் காவலூர்க் கருவி பதிவு செய்தது. புதிய துணைக்கோளாக இருக்கும் என்று முதலில் எழுதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் அது யுரேனஸின் வளையம் என்பது தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஒருவன் தொலைநோக்கியில் கைவைக்க நினைத்தால் மலையேறி வந்து கதவைத் திறந்தாக வேண்டும். இன்று அப்படியில்லை. காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இன்னொரு தொலைநோக்கி இருக்கிறது. அதை இயக்குகிறவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸகோட்டேயில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே செயற்கைக்கோள் இணைப்பு. வானியலாளர் மலையேற வேண்டாம் என்றால் திருடனும் ஏற வேண்டாம்; கடவுச்சொல் கிடைத்தால் போதும்.

சிலியில் 66 ஆண்டெனாக்கள் கொண்ட ஆல்மா நிலையம் 2022 அக்டோபர் 29 அன்று இணையத் தாக்குதலுக்கு ஆளானது. ஆண்டெனாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தரவும் தப்பியது. ஆனாலும் வானத்தைப் பார்க்கும் வேலை டிசம்பர் நடுப்பகுதி வரை நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹவாயின் ஜெமினி வடக்குத் தொலைநோக்கியும் இப்படி ஒரு தாக்குதலால் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த இரண்டையும் கடவுச்சொல்லின் தலையில் நான் கட்டவில்லை. கண்ணாடிக்குக் கீறல்கூட விழாமல் ஒரு தொலைநோக்கியைக் குருடாக்கலாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

தொலைநோக்கி மட்டுமா? ஒரு பெரிய மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி பதிவுக்கு ஒரு மென்பொருள், ஆய்வகத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, காப்பீட்டுக்கு இன்னொன்று. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று ஒன்றின் பேச்சை இன்னொன்றுக்குப் பெயர்த்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஒருங்கிணைப்பு சர்வர் என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்தாரே துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர் வேலை, ஏறக்குறைய அதுதான். இரண்டு பக்கத்து ரகசியமும் துபாஷிக்குத் தெரியும். ஆகவே இந்த சர்வரின் அட்மின் கடவுச்சொல் கைக்கு வந்தால், வீட்டின் ஓர் அறை மட்டுமல்ல, எல்லா அறைக்கும் போகும் நடைவழியே கைக்கு வந்த மாதிரி.

இந்த வகை மென்பொருளில் உலகமெங்கும் பேர் வாங்கிய ஒன்று நம் பக்கத்திலேயே பிறந்தது. 2005-இல் தொடங்கி, கொழும்பில் வேரூன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் தயாரிப்பு அது. இறக்கி நிறுவியதும் பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. இது இவர்கள் மட்டும் செய்வதல்ல; தொழிலில் நெடுநாள் வழக்கம். முதல்முறை உள்ளே நுழைய ஏதாவது ஒன்று வேண்டும், நுழைந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. மாற்றாதவர்கள் எத்தனை பேர் என்பதை 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் காட்டிக் கொடுத்தது. ஆலையிலிருந்தே வரும் அறுபது சொச்சம் பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது வசப்படுத்தியது.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்காருகிறவர் செய்யும் முதல் தவறு சுவாரஸ்யமானது. அமைப்புக் கோப்பைத் திறக்கிறார். அதில் அட்மின் கடவுச்சொல் பச்சையாக எழுதியிருக்கிறது. அழித்துப் புதியதை எழுதி, சர்வரை நிறுத்தித் தொடங்குகிறார். புதியது செல்லவில்லை, பழையது ஜோராகத் திறக்கிறது!

காரணம் எளிது. சர்வர் முதன்முதலில் எழும்போது மட்டுமே அட்மினை உருவாக்க அந்தக் கோப்பைப் பார்க்கிறது. பார்த்து, பயனர் தரவுத்தளத்தில் ஒரு பதிவைப் போட்டுவிடுகிறது. அதன்பின் வாசலில் சரிபார்ப்பது தரவுத்தளத்தைத்தான். கல்யாணம் முடிந்தபின் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் திருத்தி என்ன பயன்? மாற்ற வேண்டிய இடம் நிர்வாகத் திரை. அங்கே மாற்றினால்தான் தரவுத்தளத்தில் மாறும்.

தரவுத்தளத்தில் இருப்பதும் கடவுச்சொல் அல்ல. அதோடு ஒரு சிட்டிகை ‘உப்பு’, அதாவது ஆளுக்கு ஆள் வேறுபடும் சில எழுத்துகள், சேர்த்து அரைத்த மாவு. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் நீங்கள் தட்டுவதை அதே உப்போடு அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறது சர்வர். ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979-இல் விளக்கி எழுதிய முறை. அதற்கு முன்பிருந்த நிலைமை வேடிக்கை. 1960-களில் எம்.ஐ.டி.யின் பொதுக் கணினியில் இரண்டு நிர்வாகிகளின் கோப்புகள் இடம் மாறிப்போக, உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகி வந்தன.

ஆனால் உண்மையான தலைவலி இனிமேல்தான். அட்மின் கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்திருப்பது மனிதர்கள் மட்டுமல்ல. இரவு இரண்டு மணிக்கு ஓடும் தானியங்கி வேலை, கண்காணிப்பு மென்பொருள், செய்தி வரிசைக்கான இன்னொரு கோப்பு, யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாம் அதன் நகலை வைத்திருக்கும். திரையில் மாற்றிய அந்த நொடியில் இவை ஊமையாகும். சில பழைய சாவியோடு விடாமல் தட்டும். தவறான முயற்சிகள் மிகுந்தால் கணக்கையே பூட்டும்படி சர்வர் அமைந்திருந்தால், அட்மினே வெளியே நிற்பார். தப்பிக்கும் வழி, மனிதருக்கு ஒரு கணக்கு, இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் குறைந்த அதிகாரத்தோடு தனிக் கணக்கு. இது தெரிந்தும் செய்யாத அலுவலகங்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

சின்ன விஷயங்களும் காலை வாரும். கடவுச்சொல்லில் ‘&’ குறி சேர்த்தால் வலுவாகும் என்று போடுவார்கள். எக்ஸ்.எம்.எல். கோப்பில் அந்தக் குறிக்கு வேறு பொருள் உண்டு. அதை அப்படியே எழுதினால் கோப்பைப் படிக்க முடியாமல் சர்வர் எழவே எழாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்று என்ற பழைய விதியையும் இங்கே பார்க்க வேண்டும். அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக 2003-இல் பில் பர் எழுதிய வழிகாட்டிதான் இதைப் பரப்பியது. 2017-இல் அதே நிறுவனம், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்த அறிகுறி இருந்தால் மாற்றுங்கள் என்று மாற்றிச் சொன்னது, பர்ரும் வருந்தினார். கடைசி எழுத்தை 1-லிருந்து 2 ஆக்குவதைத் தவிர மக்கள் வேறென்ன செய்தார்கள்?

ஆலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது பிறக்கும்போதே கசிந்தது. மாற்றுகிறவர் முதலில் இரண்டாவது அட்மின் கணக்கொன்றை உருவாக்கிச் சோதித்துக்கொள்ள வேண்டும். நகல்கள் இருக்கும் இடங்களைப் பட்டியலிட்ட பிறகு, திறந்திருக்கும் திரையை மூடாமல், இன்னொரு உலாவியில் புதிய சொல்லைப் போட்டு நுழைந்து பார்க்க வேண்டும். அது திறந்ததும் பலர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இன்னும் ஒன்று பாக்கி: பழையதைப் போட்டுப் பார்த்து, சர்வர் ‘முடியாது’ என்று சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அன்றிரவு இரண்டு மணி வேலை ஓடியதா என்று மறுநாள் காலை.