பத்துக் கோடி எங்கே இருக்கிறது?

டீ சொல்லியாயிற்று. அது வருவதற்குள் ஒரு கணக்கைத் தொடங்கி வைப்போம்.

கோவையில் இரண்டு நண்பர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் எலெக்ட்ரானிக்ஸ், இன்னொருவர் மென்பொருள். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். கிணறு வற்றினால் மோட்டார் தானே நின்றுவிடும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் நின்றுவிடும், காயில் கருகாது. நூறு தோட்டங்களில் மாட்டியாயிற்று. இந்த நேரத்தில் ஒரு முதலீட்டாளர் வருகிறார். ஒரு கோடி ரூபாய் போடுகிறேன், நிறுவனத்தில் பத்து சதவீதம் கொடுங்கள் என்கிறார். பேசி முடிக்கிறார்கள்.

மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வருகிறது: பத்துக் கோடி மதிப்புள்ள நிறுவனம். பத்து சதவீதம் ஒரு கோடி என்றால் நூறு சதவீதம் பத்துக் கோடிதானே. மீதித் தொண்ணூறு சதவீதத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் தலைக்கு நாலரைக் கோடி. இந்தக் கணக்கை நண்பர்களைவிட வேகமாகப் பெரியப்பாக்கள் போட்டுவிடுவார்கள். "நாலரைக் கோடி வச்சுக்கிட்டு இன்னும் அந்த ஓட்டை பைக்லயே சுத்துறியே, தம்பி" என்பார்கள்.

பெரியப்பா போட்ட கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனாலும் அந்தப் பணம் எங்கேயும் இல்லை. இதை நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிட்டால், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஆடிட்டரிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில், அந்த ஒரு கோடி எந்தக் கணக்கில் விழுந்தது? பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதற்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு. முதலீட்டாளரின் பணம் அந்தத் தனி ஆளுக்குப் போகிறது. நண்பர்களின் சேமிப்புக் கணக்கில் ஒரு பைசாகூட விழாது. 1998 ஆகஸ்டில் ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற முதலீட்டாளர், லாரி பேஜும் செர்கே பிரின்னும் காட்டிய தேடுபொறியைப் பார்த்துவிட்டு ஒரு லட்சம் டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்தார். செக்கில் எழுதிய பெயர் 'கூகுள் இன்க்'. அப்படியொரு நிறுவனம் அன்று பதிவே ஆகியிருக்கவில்லை. கையில் லட்சம் டாலர் செக் இருந்தும் இரண்டு மாணவர்களாலும் அதை மாற்ற முடியவில்லை. செப்டம்பரில் நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் கணக்குத் தொடங்கிய பிறகுதான் செக் வங்கிக்குப் போனது.

நண்பர்கள் தங்கள் உழைப்புக்கு அந்தக் கணக்கிலிருந்து மாதச் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கவும் வேண்டும், வீட்டு வாடகைக்குக் கடன் வாங்குகிற ஆள் நல்ல முடிவு எடுப்பது கடினம். நாற்பதாயிரமா, அறுபதாயிரமா என்பதை முதலீட்டாளருக்கும் தெரியும்படி முன்பே பேசிவிட்டால் போதும்.

இதோ டீ. அடுத்த படிதான் எல்லோரும் வழுக்குகிற இடம், மெதுவாகவே போவோம்.

"பத்து சதவீதத்தை வித்துட்டாங்க" என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் நண்பர்கள் எதையும் விற்கவில்லை. கம்பெனி தொடங்கிய அன்று பத்து ரூபாய் முகமதிப்பில் பத்தாயிரம் பங்குகள், ஆளுக்கு ஐயாயிரம் என்று எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஆளுக்கு அதே ஐயாயிரம்தான். முதலீட்டாளருக்காகக் கம்பெனி புதிதாக 1,111 பங்குகளை உருவாக்கித் தருகிறது. மொத்தம் 11,111 ஆகிறது. அதில் 1,111 என்பது பத்து சதவீதம். ஐயாயிரம் என்பது நாற்பத்தைந்து சதவீதம்.

ஒரு பூர்வீக வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குப் பாதிப் பாதி. மூன்றாவது ஒருவர் வருகிறார். இருக்கிற அறை எதையும் அவர் கேட்கவில்லை. தன் காசில் மாடியில் ஒரு புது அறை கட்டிக்கொண்டு உள்ளே வருகிறார். அண்ணனுக்கு இருந்த அறைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் வீடு பெரிதாகிவிட்டதால் மொத்த வீட்டில் அவர் பங்கு பாதியை விடக் குறைந்துவிட்டது. தொழில் பாஷையில் இதற்கு டைலூஷன் என்று பெயர். தமிழில் நீர்த்தல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. தண்ணீர் விட்ட மோர் மாதிரி ஏதோ கெட்டுப்போனதாக ஒலிக்கிறது. ஒழுங்கான விலைக்கு நடந்தால் இதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் இருபது சதவீதத்துக்குப் புதுப் பங்கு கொடுத்தால் நாற்பத்தைந்து முப்பத்தாறாகும். அதற்கடுத்த சுற்றிலும் இருபது கொடுத்தால் இருபத்தொன்பதுக்குச் சற்றே குறைவு. சதவீதம் இறங்கும், வீடு வளரும். வீடு வளராமல் சதவீதம் மட்டும் இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது விலை. 1,111 பங்குக்கு ஒரு கோடி என்றால் ஒரு பங்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். பத்து ரூபாய்ப் பங்குக்கு ஒன்பதாயிரமா என்று நமக்குத் தோன்றும். அரசாங்கத்துக்கும் தோன்றியது. 2012இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பட்டியலிடப்படாத கம்பெனி தன் பங்கை நியாயமான மதிப்பைவிட அதிக விலைக்குக் கொடுத்தால், அந்த அதிகத் தொகை கம்பெனியின் வருமானம். அதற்கு வரி கட்ட வேண்டும். கருப்புப் பணத்தைப் பிடிக்கப் போட்ட வலை. சிக்கியதில் நம் நண்பர்களைப் போன்றவர்களும் நிறையப் பேர். ஏஞ்சல் டாக்ஸ் என்ற செல்லப்பெயர் அதற்கு. கிணற்று மோட்டார்க் கருவியின் நியாயமான மதிப்பு என்னவென்று அதிகாரியும் ஆடிட்டரும் ஆளுக்கொரு பேப்பரில் கணக்குப் போட்டார்கள். முதலாக வந்த பணத்தை வருமானமாகப் பார்த்த அந்த ஏற்பாட்டை 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் முழுதாக எடுத்தார்கள்.

ஒன்பதாயிரம் என்ற விலை எப்படி வந்தது? முதலீட்டாளரும் நண்பர்களும் பேரம் பேசி வந்தது. பத்துக் கோடியில் ஒரு கோடி இப்போது வந்த ரொக்கம். மீதி ஒன்பது கோடி என்பது நூறு கருவிகள், கொஞ்சம் மென்பொருள், இரண்டு மண்டைகள், நாளைக்கு ஒரு லட்சம் தோட்டங்களுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை. பணம் வருமுன் மதிப்பு ஒன்பது, வந்தபின் மதிப்பு பத்து. பேசும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 'ஒன்பது கோடி மதிப்பு, ஒரு கோடி போடுகிறேன்' என்பதை ஒருவர் முன்பாகவும் ஒருவர் பின்பாகவும் புரிந்துகொண்டால், பத்து சதவீதம் பதினொன்றாகிவிடும்.

நம் ஊரில் மனை விலை ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். தெருக்கோடியில் யாரோ ஒரு சென்ட்டைப் பத்து லட்சத்துக்கு வாங்குகிறார். அன்று மாலையே தெரு முழுக்க எல்லோரும் தங்கள் சென்ட்டைப் பத்தால் பெருக்கிக் கோடீஸ்வரர்களாகிவிடுகிறார்கள். அந்த விலைக்கு விற்றது ஒரு சென்ட்தான். மறுநாள் எல்லோரும் விற்க வந்தால் வாங்க ஆளிருக்காது. வேல்யுவேஷன் என்ற பெரிய சொல்லும் இதுதான். ஒரு சிறு துண்டுக்குக் கிடைத்த விலையை முழுசுக்கும் பெருக்கிச் சொல்வது.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பெரியப்பாவின் கணக்கில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அது அநேக நண்பர்களுக்கே தெரியாது. பதினோராயிரத்துச் சொச்சம் பங்குகளும் ஒரே மாதிரி என்று நினைத்துத்தானே பெருக்கினோம்? அவை ஒரே மாதிரி கிடையாது.

நண்பர்கள் வைத்திருப்பது சாதாரணப் பங்கு. முதலீட்டாளர் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. பின்னால் சாதாரணப் பங்காக மாறக்கூடிய இந்த வகையை நம் நாட்டில் சி.சி.பி.எஸ். என்பார்கள். கம்பெனி விற்கப்பட்டால் முதலில் அவர் போட்ட பணத்தை எடுத்துக்கொள்வார், மிச்சம் மற்றவர்களுக்கு என்று அதன் ஒப்பந்தத்தில் இருக்கும். பந்தியில் முதல் வரிசை அவருக்கு.

கணக்கில் வைத்துப் பார்ப்போம். நம் நண்பர்களின் கம்பெனியை ஒரு பம்ப் கம்பெனி ஐம்பது கோடிக்கு வாங்குகிறது என்றால் முன்னுரிமைக்கு வேலையில்லை. முதலீட்டாளர் தன் பங்கைச் சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டு பத்து சதவீதம், ஐந்து கோடி வாங்கிப் போவார். ஆனால் தொழில் தடுமாறி இரண்டு கோடிக்குத்தான் விற்றது என்றால்? பத்து சதவீதம் இருபது லட்சம் என்று நினைப்போம். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து தன் ஒரு கோடியை எடுத்துக்கொள்வார். மீதி ஒரு கோடியில் நண்பர்களுக்கு ஆளுக்கு ஐம்பது லட்சம். சில ஒப்பந்தங்களில் ஒரு கோடியையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் பத்து சதவீதம் கேட்பார்கள். ஒரே ஒரு வரி வித்தியாசம், கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் காட்ட வேண்டிய வரி.

இது அநியாயம் என்று பொசுக்கென்று சொல்லிவிட முடியாது. அப்படியொரு வரி இல்லையென்றால், பணம் வந்த மறுவாரமே நண்பர்கள் கம்பெனியை இரண்டு கோடிக்குத் தள்ளிவிட்டு ஒரு கோடியே எண்பது லட்சத்தோடு போய்விடலாம். அதில் ஒரு கோடி அவர் போட்டது! எனக்கு உறுத்துவது வேறு. சுற்றுக்குச் சுற்று முன்னுரிமைக்காரர்கள் சேர்ந்துகொண்டே போகும்போது, பந்தியில் கடைசி இலைக்குச் சோறு வருமா என்று நிறுவனர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. 2009இல் எடின்பரோவில் தொடங்கிய ஃபேன்டூயல் என்ற விளையாட்டு நிறுவனம் 2015இல் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பு என்று பேர் வாங்கியது. 2018இல் பேடி பவர் பெட்ஃபேர் என்ற பந்தய நிறுவனத்தோடு இணைந்தபோது போட்ட மதிப்பு 46.5 கோடி டாலர். முன்னுரிமைக்காரர்களுக்கு முதலில் சேர வேண்டியது 55.9 கோடி டாலர். தொடங்கியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

இரண்டு நண்பர்களில் ஒருவர் எட்டாவது மாதம் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுவோம். எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் நாற்பத்தைந்து சதவீதமும் அவரோடு போகும். கோவையில் இருப்பவர் பத்து வருடம் உழைத்தாலும் பாதிப் பலன் ஜெர்மனிக்காரருக்கு. அதற்குத்தான் வெஸ்டிங் என்ற ஏற்பாடு. வழக்கமாக நாலு வருடத்தில் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும். முதல் வருடம் முடியுமுன் போனால் ஒன்றும் கிடையாது. ஐந்து வருடம் முடித்தால்தான் கிராஜுவிட்டி என்று நம் அப்பாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தார்களே, அதே யோசனைதான். நண்பனிடம் போய் இதை எழுதிக் கேட்பதா என்று கூச்சம் வரும். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதைக் கேட்க முடியும்.

பிறகு ரன்வே. விமானம் மேலே கிளம்ப மிச்சமிருக்கிற ஓடுதளம். சமையலறையில் சொன்னால், டப்பாவில் இருக்கும் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்பது. மாதச் செலவு ஆறு லட்சம், வரவு ஒரு லட்சம் என்றால் மாதம் ஐந்து லட்சம் கரையும். ஒரு கோடி இருபது மாதம் வரும். இருபது மாதம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அடுத்த முதலீட்டைப் பேசி முடித்துப் பணம் கைக்கு வர ஆறு மாதம்கூட ஆகலாம். அப்படியானால் பன்னிரண்டு, பதின்மூன்றாவது மாதமே கதவைத் தட்டத் தொடங்க வேண்டும். டப்பா காலியான பிறகு போனால், எதிரில் இருப்பவருக்கு அது முகத்திலேயே தெரிந்துவிடும். விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

யாரிடமும் வாங்காமலே நடத்தக் கூடாதா? நடத்தலாம். ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சோஹோ. வெளி முதலீடு இல்லாமல் வாடிக்கையாளர் கொடுத்த பணத்திலேயே வளர்ந்தது. அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் சுற்றுச் சுற்றாக முதலீடு வாங்கியது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று கிரீஷ் சொன்னார். அவர்கள் கையில் பங்கு இருந்தது மட்டும் காரணமில்லை. அதைச் சந்தையில் வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நம் மோட்டார்க் கருவி நண்பர்களுக்கு எந்த வழி சரி என்பது, கருவி விற்ற காசில் அடுத்த கருவி செய்ய முடிகிறதா, அதற்குள் வேறொருவர் முந்திவிடுவாரா என்பதைப் பொறுத்தது.

நாலரைக் கோடிக்கு வருவோம். நம் எலெக்ட்ரானிக்ஸ்காரர் பெரியப்பாவின் தொல்லை தாங்காமல் கார் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார் என்று வையுங்கள். செய்தித்தாளை எடுத்து மேசையில் வைக்கிறார். மேனேஜர் அதை முழுக்கப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பார்.