உஷார்! ஜெயிக்கிற பிள்ளையை முதலில் கவனியுங்கள்

உங்கள் வீட்டில் யாராவது போனில் போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறார்களா? ‘ஆடத்தான் செய்கிறான். ஆனால் பணம் ஒன்றும் பெரிதாகப் போகவில்லை, நடுவில் கொஞ்சம் ஜெயித்தும் இருக்கிறான்’ என்று நிம்மதியாக இருக்கிறீர்களா?

அந்த நிம்மதிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதல் வாரமே தோற்பவர் பெரும்பாலும் வெறுத்துப்போய் ஆப்பை அழித்துவிடுவார். ஆரம்பத்தில் ஜெயித்தவர் அழிக்க மாட்டார். அதுவும் படித்துப் படித்து ஆட்டத்தில் முன்னேறியவர் என்றால் சுலபத்தில் வெளியே வர மாட்டார். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஆடுகிறவர் வீட்டில் இருந்தால் அவர் கையிலும் கொடுங்கள்.

‘அதான் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்களே’ என்று நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியதும் இந்தியாவின் பெரிய போக்கர் ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின, உண்மை. நான் சொல்லப்போகிறவருக்குக் கடைசி அடி விழுந்தது அதற்குப் பிறகு.

கோவைப் பக்கத்துக்காரர். பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பி.காம். படிப்பு, முப்பது வயதுக்குள். குடி கிடையாது, ஊர் சுற்றுவது கிடையாது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நடந்ததை எழுதச் சொன்னவர் அவர் மனைவி. பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் ஆடியது ஃப்ரீரோல். காசு கட்ட வேண்டாம், ஜெயித்தால் சின்னப் பரிசு. அடுத்து 55 ரூபாய் டோர்னமென்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுநூறு பேருக்கு மேல் ஆடியதில் மூன்றாவதாக வந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் கையில் வந்தது.

அன்றிலிருந்து பரீட்சைக்குத் தயாராகிறவரைப் போல உட்கார்ந்து படித்தார். மேஜையில் எந்த இடம் கிடைத்தால் எந்தச் சீட்டுக்கு ஆட வேண்டும், எதைப் போட்டுவிட வேண்டும் என்று அட்டவணை. யூடியூப் பாடங்கள். தனியாக ஒரு நோட்டு. அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 2003-ல் ஆன்லைனில் சில்லறைப் பணத்தில் தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து, 839 பேர் ஆடிய உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வாங்கினார். நடந்த கதைதான். நம்மவரும் கணக்கு எழுதுகிறவர். அந்தக் கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

முன்னேற்றம் பொய்யில்லை. நிஜமாகவே நன்றாக ஆடத் தொடங்கினார். 550 ரூபாய் டோர்னமென்டில் நாலைந்து முறை பரிசு வரிசைக்குள் வந்தார். ஒரு ராத்திரி முதலிடம். நாற்பதாயிரம் ரூபாய்! அவர் மாதச் சம்பளத்தைவிட அதிகம். வரி பிடித்தது போக வந்ததில் மனைவிக்குக் கம்மல் வாங்கிக் கொடுத்தார். “நானும் சந்தோசப்பட்டேனுங்க அக்கா. நோட்டும் கையுமா உக்காந்து படிக்கற மனுசன சூதாடறாருன்னு நான் எப்படிங்க நெனைக்கறது?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். எந்தப் பெண்ணும் நினைக்க மாட்டாள்.

பிறகு வந்தது சறுக்கல்.

இன்னும் இரண்டு பேர் வெளியேறினால் பரிசு வரிசை. கையில் இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு கிங். இருந்த சிப்ஸ் முழுவதையும் வைத்து ஆல்-இன் போனார். கடைசிச் சீட்டில் இன்னொரு கிங் விழுந்தது. அவர் ஆடியதில் ஒரு தவறும் இல்லை. அதனாலேயே அவருக்குத் தூக்கம் வரவில்லை. ‘சரியாத்தானே ஆடினேன், அடுத்ததுல வந்துரும்.’ உடனே இன்னொரு டோர்னமென்ட். அதிலும் வெளியே வந்தால் ரீ-என்ட்ரி. ஒரு பட்டனை அமுக்கினால் பணம் போகும், மறுபடி உள்ளே போகலாம். 550 போன கோபத்தில் 1,100. அதை ஈடுகட்ட 2,200. கோபத்தில் புத்தி பிசகி ஆடும் இந்த நிலைக்கு ஆட்டக்காரர்களே வைத்திருக்கும் பெயர் டில்ட்.

மாதக்கணக்கில் பெரிய பரிசு எதுவும் வரவில்லை. கிரெடிட் கார்டு நிரம்பியது. லோன் ஆப் வந்தது. மனைவிக்குப் பிறந்த வீட்டில் போட்ட சங்கிலி, ‘ஒரு அவசரம், ரெண்டு மாசத்துல திருப்பிடலாம்’ என்று அடகுக்கடைக்குப் போனது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தத் தேதி, எந்த டோர்னமென்ட், எத்தனாவது இடம், எவ்வளவு பரிசு, எல்லாம் மணிமணியான எழுத்தில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் லாபம்! ஆனால் ஒவ்வொரு டோர்னமென்டுக்கும் முதல் தடவை கட்டிய பணத்தை மட்டும் எழுதியிருந்தார். ரீ-என்ட்ரி ஒன்றுகூட அதில் ஏறவில்லை. கடன் வட்டி ஏறவில்லை. பின்னால் மனைவி பேங்க் ஸ்டேட்மென்டை வைத்து வரிவரியாகக் கூட்டினார். போனது ஆறு லட்சத்துக்கு மேல். கம்பெனி கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் தேடிப் பிடிக்கிறவர் அவர். மனைவியை ஏமாற்ற அப்படி எழுதினார் என்று நான் நம்பவில்லை. அந்த நோட்டை அதுவரை வேறு யாரும் திறந்து பார்த்ததே கிடையாது.

‘இது திறமை ஆட்டம்’ என்று உங்களிடம் வாதாடுவார்கள். மறுக்காதீர்கள். திறமை உண்டு. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்திருந்த ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது.

என் பயமே அந்தத் திறமையைப் பார்த்துத்தான்.

லாட்டரியில் தோற்றவர் தலைவிதி என்று விட்டுவிடுவார். போக்கரில் தோற்றவர், இன்னும் கொஞ்சம் படித்தால் சரியாகும் என்று நம்புவார். ஒவ்வொரு தோல்வியும் அவரை மறுபடி மேஜைக்குக் கூட்டிப்போகும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும். இரண்டு கிங்குக்கு எதிராக அது ஜெயிப்பது நூற்றுக்கு 82 தடவை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை அதுவும் தோற்கும். டோர்னமென்டில் சிப்ஸ் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கட்டாயமாக வைக்க வேண்டிய பிளைண்ட் ஏறிக்கொண்டே போவதால் நல்ல சீட்டுக்குக் காத்திருக்கவும் முடியாது. ஐந்து ஆல்-இன், ஐந்திலும் நூற்றுக்கு 80 உங்கள் பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தையும் தொடர்ந்து தாண்ட வாய்ப்பு நூற்றுக்கு 33 மட்டுமே! சரியாக ஆடியும் மூன்றில் இரண்டு தடவை வெளியே வர வேண்டியதுதான்.

நூறு பேர் ஆடினால் பரிசு பத்துப் பதினைந்து பேருக்கு. அவர்களிலும் பலருக்குக் கட்டியதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்குதான் திரும்பும். பெரிய பணம் முதல் சில இடங்களுக்கு. 550 ரூபாயில் 50 ரூபாய் நடத்துகிறவர் எடுத்துக்கொள்வார், ரீ-என்ட்ரிக்கு மறுபடி 50. அதனால் கெட்டிக்காரருக்கே நூற்றுக்கணக்கான டோர்னமென்ட்கள் லாபமில்லாமல் போகலாம். தொழிலாக ஆடுகிறவர்கள் நூறு டோர்னமென்டுக்கு மேல் தாங்கும் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்? நாற்பதாயிரம் ஜெயித்த அந்த ஒரு ராத்திரி திறமையால் வந்ததா, சீட்டு விழுந்ததால் வந்ததா என்று அவருக்கே தெரியாது.

சட்டம் வந்து ஆப் நின்றுபோன அன்று அவர் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாராம்.

கொஞ்ச நாளில் டெலிகிராமில் ஒரு லிங்க் வந்தது. ‘பழைய பிளேயர்களுக்கு மட்டும்.’ ப்ளே ஸ்டோரில் கிடைக்காத ஆப், ஏபிகே ஃபைலாக இறக்க வேண்டும். பணத்தை யாரோ ஒருவர் பெயரிலுள்ள யுபிஐக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு பெயர். ஆரம்பத்தில் எட்டாயிரம் ரூபாய் ஒழுங்காகத் திரும்பி வந்தது. நம்பிவிட்டார். ஒருநாள் கடைசி மேஜையான ஃபைனல் டேபிள் வரை போனார். திரையில் ஒன்றேகால் லட்சம். எடுக்கப் போனால் ‘சரிபார்ப்புக் கட்டணம்’ கேட்டார்கள், கட்டினார். ‘வரி’ கேட்டார்கள், அதையும் கட்டினார். குரூப்பே காணாமல் போனது. முன்பு வந்த அந்த எட்டாயிரமோ, வேறு யாரிடமோ சுருட்டிய பணமாம். இன்னொரு மாநிலத்து சைபர் கிரைம் புகாரில் அவருடைய சம்பளக் கணக்கை முடக்கிவிட்டார்கள். சம்பளம் போட்ட அன்று ஏடிஎம்மில் பணம் வரவில்லை. மனைவிக்கு எல்லாம் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கவனியுங்கள், அந்த மேஜைகளில் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எதிரே ஆடுவது மனிதரா என்பதே தெரியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற கணினி நிரல், 2019-லேயே ஆறு பேர் ஆட்டத்தில் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றுவிட்டது. அல்டிமேட்பெட் என்ற போக்கர் தளத்தில் உள்ளாட்கள் மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடியது 2008-ல் அம்பலமானது. அதற்குப் பொறுப்பு என்று ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்த ரஸ் ஹாமில்டன், 1994-ன் உலக சாம்பியன்! ஃபுல் டில்ட் தளத்தை 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு முடக்கியபோது, ஆடுகிறவர்களுக்குத் திருப்பித் தரப் போதுமான பணம் அங்கே இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர்கள் 2014 வரை காத்திருந்தார்கள். இவையெல்லாம் உலகமறிந்த தளங்கள். டெலிகிராம் லிங்கில் வந்த ஆப்புக்கு யாரைப் போய்க் கேட்பீர்கள்?

இனி, வீட்டில் என்ன தெரிந்தால் உஷாராக வேண்டும் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. டோர்னமென்டை நடுவில் நிறுத்தி எழுந்து வர முடியாது. எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஃபைனல் டேபிள் வர நள்ளிரவு தாண்டும். திங்கட்கிழமைகளில் கண் சிவந்து, வேலைக்குத் தாமதமாகக் கிளம்புகிறாரா? தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று விதி கொண்டுவந்தது. டெலிகிராம் ஆப்புக்கு அந்தப் பூட்டு கிடையாது.

ஜெயித்த செய்தி மட்டும் காதில் விழும். தோற்ற செய்தி வரவே வராது.

யுபிஐ பட்டியலில் ஒரே ராத்திரியில் ஒரே தொகை மூன்று நான்கு முறை போயிருக்கும். 550, 550, 550. அதுதான் ரீ-என்ட்ரி! பெயர் தெரியாத ஆட்களுக்குப் போயிருந்தால் இன்னும் மோசம்.

‘அந்த ஒரு சீட்டு மட்டும் விழுந்திருந்தா’ என்று சாப்பிடும்போதும் புலம்புவது. போனைக் குப்புற வைப்பது. காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது. காரணம் சொல்லாமல் கடன் கேட்பது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அறிகுறி: விட்ட பணத்தைப் பிடிப்பதற்காக ஆடுவது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்குத் தனி இடமே இருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு.

தெரிந்ததும் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த கடன் உங்களுக்குத் தெரியாமல் போகும். உடனே நகையை விற்று மொத்தக் கடனையும் அடைத்துக் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். முதலில் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டுங்கள். நோட்டை நம்பாதீர்கள், அவர் மனதில் இருக்கும் கணக்கையும் நம்பாதீர்கள். யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள். லோன் ஆப்களை அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச காலம் சம்பளம் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். கோவைக்காரர் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். 2025 மத்தியச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. நடத்துகிறவருக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். புகார் கொடுக்க வெட்கப்பட வேண்டாம்.

மனநல ஆலோசனைக்கு 14416. காசில்லை, தமிழில் பேசலாம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆடுகிறவர் மறுத்தால் அம்மாவோ மனைவியோ அழைத்து வழி கேட்கலாம். ‘நான் இல்லாம போனா கடனெல்லாம் தீர்ந்துரும்’ என்ற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால், விளையாட்டுக்குச் சொன்னாலும் சரி, அவரைத் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அந்த எண்ணை உடனே அழையுங்கள்.