உபசாரமும் ஊதியமும்

அந்நிய தேசத்திலிருந்து முதன்முறையாக அமெரிக்கா செல்லும் யாத்ரீகர், அங்குள்ள போஜனசாலை ஒன்றில் நுழைந்ததும் வியப்புறுவது இயல்பே. பரிசாரகர் புன்னகையுடன் நலம் விசாரிக்கிறார். கேளாமலே பனிக்கட்டி மிதக்கும் நீர் வருகிறது. காப்பிக் கோப்பை பல இடங்களில் விலையின்றி மீண்டும் நிரப்பப்படுகிறது. மிஞ்சிய உணவையும் பெட்டியிலிட்டுத் தருகின்றனர். பணி செய்பவர் கூனிக் குறுகி நிற்பதில்லை, சமமானவராகவே பேசுகிறார்.

பின்னர்ப் பில் வருகிறது. விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை இனாம் வைப்பது வழக்கம் என்றறிந்ததும் யாத்ரீகர் முகம் சுளிக்கிறார். அன்புக்கும் விலையோ என்று வினவுகிறார். வினா நியாயமானதே, ஆனால் அதைப் பரிசாரகரிடம் வினவுவது நியாயமன்று.

சட்டத்தின் நிலை யாது? 1938-ஆம் வருஷத்துச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. 1966-ஆம் வருஷத்துத் திருத்தமோ, இனாமையும் அக்கூலியில் ஒரு பகுதியாகக் கணக்கிட முதலாளிக்கு இடமளித்தது. மத்திய சட்டப்படி அக்கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். எனினும், இனாம் பெறுவோருக்கு முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும்; இனாம் எஞ்சியதை நிரப்பாவிடில் மட்டுமே அவர் ஈடு செய்யவேண்டும். இந்த 2.13 டாலர் 1991 முதல் உயரவேயில்லை.

இவ்வேற்பாட்டின் சரித்திரம் கசப்பானது. 1865-இல் அடிமைத்தளை ஒழிந்தபின், புல்மன் கம்பெனி தன் படுக்கை ரயில் வண்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பணிக்கு அமர்த்திற்று. சம்பளம் சொற்பம், மீதிக்குப் பிரயாணிகளின் இனாமே கதி. அவர்களுடைய சொந்தப் பெயரையும் கேளாது, முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே பிரயாணிகள் அழைத்தனர். அத்தொழிலாளர் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் 1925-இல் சங்கம் கண்டனர். பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-இல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் செய்தனர்.

இனாமைக் காட்டிக் கூலியைக் குறைப்பதைக் கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய சில மாகாணங்கள் அனுமதிப்பதில்லை. அங்கே குறைந்தபட்சக் கூலி முழுவதையும் முதலாளியே கொடுத்தாக வேண்டும். ஆங்கும் விருந்தாளிக்கு அதே வரவேற்பு உண்டு. ஆகவே, உபசாரம் நிலைக்க உழைப்பாளியின் கூலியைக் குறைத்தாக வேண்டும் என்ற வாதம் நிற்காது.

யாத்ரீகர் அங்கே வழக்கப்படியான இனாமை முணுமுணுக்காது கொடுப்பாராக. அதைத் தமது தயாளம் என்று எண்ணாதிருப்பாராக. அமெரிக்கர்களின் நல்லியல்பில் எமக்கு ஐயமில்லை. அந்நல்லியல்போடு உழைப்பவர் பெறவேண்டிய கூலி, வந்தவரின் மனப்போக்கை நம்பி நிற்பதே தவறு. இனாம் கொடுப்பவரின் இஷ்டம். கூலி உழைத்தவரின் உரிமை. இரண்டையும் ஒன்றாக்கும் சட்டம் எத்தேசத்தில் இருப்பினும் மாற்றப்பட வேண்டியதே.