புகைப்பவர் விருப்பமும் பக்கத்தில் நிற்பவர் மூச்சும்

புகைபிடிப்பது, பான் போட்டுத் துப்புவது, குடிப்பது, சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்த தீனிகளை ஓயாமல் தின்பது எல்லாமே உடலைக் கெடுக்கும் தனிப்பட்ட பழக்கங்கள்தாம். ஆனால் சட்டம் இவற்றை ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஓடும் பேருந்தில் பீடி பற்றவைத்தால் அபராதம் விழும். அதே பேருந்தில் ஒரு கிலோ அல்வாவை ஒருவரே தின்று தீர்த்தாலும் நடத்துநர் ஒன்றும் சொல்லமாட்டார். எந்தப் பழக்கம் உடலை அதிகம் கெடுக்கிறது என்று பார்த்துச் சட்டம் இந்தப் பாகுபாட்டைச் செய்யவில்லை. கேடு யார் உடலில் போய்ச் சேர்கிறது என்று பார்க்கிறது.

இந்த எல்லையை முதலில் திருத்தமாக வகுத்தவர் ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். ஒருவருடைய நன்மைக்காகவே அவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சமூகத்துக்குக் கிடையாது, பிறருக்கு வரும் தீங்கைத் தடுக்க மட்டுமே அந்த அதிகாரம் உண்டு என்று அவர் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் வாதிட்டார். கெட்ட பழக்கம் உள்ளவருக்குப் புத்தி சொல்லலாம், மன்றாடலாம்; தண்டிக்கக் கூடாது. சிறுவர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்று இன்றைய இந்தியச் சட்டம் விதிப்பதை மில்லும் மறுத்திருக்க மாட்டார்.

நெடுங்காலம் புகைபிடித்தல் மில் வகுத்த எல்லைக்கு உள்ளேயே, புகைப்பவரின் சொந்த விவகாரமாக இருந்தது. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் பிரிட்டனில் தெளிவாகக் காட்டினார்கள். அப்போதும் அது அவரவர் பாடு என்றே கருதப்பட்டது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் புகை வெறும் எரிச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான் என்பது பொதுவான எண்ணம்.

அந்த எண்ணத்தை அசைத்தது 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா வெளியிட்ட ஆய்வு. தாம் புகைக்காத மனைவியர் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார். கணவர் எவ்வளவு அதிகமாகப் புகைத்தாரோ அவ்வளவுக்கு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடியிருந்தது. சிகரெட் நிறுவனங்கள் இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்தன. பின்னர் வந்த ஆய்வுகள் ஹிராயாமாவின் பக்கமே நின்றன. எரியும் நுனியிலிருந்து நேராகக் காற்றில் கலக்கும் புகையும் புகைப்பவர் ஊதிவிடும் புகையும் சேர்ந்து அறையை நிறைக்கின்றன. புகையிலைப் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. இந்தப் புகை புகைக்காதவருக்கு இதயநோயைத் தருகிறது, குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அறுதியிட்டது. புகை இப்படி மில்லின் எல்லையைத் தாண்டிவிட்டது.

இந்தியாவில் இந்த வாதத்தை நாடாளுமன்றத்துக்கு முன்பே நீதிமன்றங்கள் ஏற்றன. கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலையில், பொது இடத்தில் புகைபிடிப்பது பொதுத் தொல்லை என்னும் குற்றத்துக்குள் அடங்கும், அது பிறருடைய உயிர்வாழும் உரிமையைப் பறிக்கிறது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய இருவரில் ஒருவர் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். பிறகு அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில், பேருந்து ஆகியவற்றில் நாடு முழுவதும் புகைபிடிக்கத் தடை விதித்தது. புகைக்காத ஒருவர் எந்தத் தவறும் செய்யாமல் பிறருடைய புகையால் நோய்க்கு ஆளாவது ஏன் என்பதே அந்த வழக்கின் கேள்வி. புகைப்பவர் திருந்த வேண்டுமா என்ற விசாரணைக்கு நீதிமன்றம் போகவில்லை. அதனால்தான் தீர்ப்பு உறுதியாக நின்றது.

தமிழ்நாடு 2002இல் புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் ஒன்றாகச் சேர்த்துத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2003இல் மத்திய அரசின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. அதன் கீழான விரிவான விதிகள், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 காந்தி ஜயந்தி அன்று நடைமுறைக்கு வந்தன. தனியார் அலுவலகங்கள், திரையரங்குகள், உணவகங்கள், மதுக்கூடங்கள் எல்லாம் தடைக்குள் வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை. இடத்தின் பொறுப்பாளரும் பதில் சொல்ல வேண்டும். சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ வைத்துப் புகைக்க வசதி செய்து தரக் கூடாது. பெட்டிக்கடை ஓரத்தில் நுனியில் நெருப்புப் புகைந்தபடி தொங்கிய கயிறு பல ஊர்களில் காணாமல் போனதற்கு லைட்டரின் வரவோடு இந்தக் கெடுபிடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தடையால் பயன் உண்டா? மத்திய அரசு நடத்திய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில் ஓரளவு விடை இருக்கிறது. 2009-10இல் வயதுவந்தோரில் 34.6 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016-17இல் அது 28.6 விழுக்காடாகக் குறைந்தது. இதைவிடக் கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்கள் 52.3 விழுக்காட்டிலிருந்து 38.7 விழுக்காடாகக் குறைந்தார்கள். வீட்டுக்குள் புகைக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளியே புகைப்பது வெட்கக்கேடு என்று ஆன பிறகு, கூடத்தில் குழந்தைகள் நடுவே உட்கார்ந்து புகைப்பதும் பலருக்குக் கூச்சமாகிவிட்டது என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் கட்டடத்துக்குள் வேலை செய்வோர் பணியிடத்தில் சுவாசிக்கும் புகை ஏறக்குறைய 30 விழுக்காட்டிலேயே நின்றுவிட்டது. சட்டம் நேராகக் கை வைத்த இடத்தில் இந்த நிலை!

காரணம் நடைமுறையில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் பீடி பிடிக்கும் சுமைதூக்கும் தொழிலாளி எளிதில் அகப்படுவார். சொந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புகைக்கும் முதலாளியிடம் அபராதச் சீட்டை நீட்டுவது யார்? முப்பதோ அதற்கு மேலோ அறைகள் உள்ள விடுதிகளும், முப்பது பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகங்களும், விமான நிலையங்களும் தனிப் புகையறை வைத்துக்கொள்ள விதிகளே இடம் தருகின்றன. சுவர் எழுப்பிக் காற்றுப்போக்கி வைத்தாலும் புகை முழுவதும் தடைபடாது என்பது மருத்துவ அறிக்கைகள் சொன்ன செய்தி. வசதியுள்ளவருக்குப் புகையறை, வசதியில்லாதவருக்கு அபராதம் என்று வந்துவிட்டால் சட்டத்தின் நியாயமே தேய்கிறது. மத்தியச் சட்டத்தின் பொது இட வரையறையில் திறந்தவெளி சேராது என்பதும் பலருக்குத் தெரியாது.

எச்சில் துப்புவது இன்னொரு சங்கதி. இந்தியாவில் புகைப்பவரைவிடப் புகையிலையை மெல்பவரே அதிகம்: 2016-17 கணக்கெடுப்பில் முறையே 10.7, 21.4 விழுக்காடு. மென்றால் துப்பத்தான் வேண்டும். காசநோய் அச்சத்தால் நியூயார்க் நகரம் 1896லேயே துப்புவதைத் தடை செய்தது. காசநோய் பெரும்பாலும் இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது, தரையில் காய்ந்த எச்சிலால் பரவுவது குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. அதற்காகப் படிக்கட்டு மூலையின் சிவப்புக் கறையைத் துப்புரவுப் பணியாளர் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது நியாயமாகிவிடாது. பிறருக்கு நோய் வருகிறதா என்பது மட்டுமே அளவுகோலன்று. பிறர் தலையில் வேலையையும் அருவருப்பையும் சுமத்துவதும் தீங்குதான்.

சட்டம் இடத்தை விட்டு ஆளைத் திருத்தப் புறப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பூட்டான் சான்று. 2004இல் அந்நாடு புகையிலை விற்பனையையே தடை செய்தது. எல்லை தாண்டி இந்தியாவிலிருந்து கடத்தல் சரக்கு வந்தது. 2011இல் மெல்லும் புகையிலைப் பொட்டலங்கள் வைத்திருந்த குற்றத்துக்காக இளம் பிக்கு ஒருவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டபோது மக்களே கொதித்தார்கள். கொரோனா காலத்தில் தடை தளர்ந்து, 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. 2009 முதல் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் சிகரெட் விற்கக் கூடாது என்று நியூசிலாந்து 2022இல் இயற்றிய சட்டம், ஆட்சி மாறியதும் 2024இல் ரத்தானது. அயர்லாந்தின் கதை வேறு. 2004 மார்ச் 29 அன்று மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் தடை விதித்த முதல் நாடு அது. வியாபாரம் படுத்துவிடும் என்ற கூக்குரல் எழுந்தும் அந்தத் தடை இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்தே பல நாடுகள் பின்தொடர்ந்தன. அது ஊழியரின் மூச்சைக் காக்கும் சட்டமாக முன்வைக்கப்பட்டது. புகைக்க விரும்பியவர் வெளியே போய்ப் புகைக்கலாம்.

தீனிக்கு இந்த வாதம் நீளுமா? தின்பவரின் கொழுப்பு அடுத்த இருக்கைக்காரரின் உடலில் ஏறாது. நியூயார்க் நகரம் 2012இல் பெரிய கோப்பைகளில் இனிப்புப் பானம் விற்பதைத் தடுக்க முயன்றது. 2014இல் நீதிமன்றம் அதை இறுதியாக நிராகரித்தது. டென்மார்க் 2011இல் போட்ட கொழுப்பு வரியை அடுத்த ஆண்டோடு கைவிட்டது. சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளின் உறையில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தச் செய்து, அத்தகைய தீனிகளைப் பள்ளிகளில் விற்பதையும் தடுத்தது. தின்னாதே என்று அது யாரையும் தடுக்கவில்லை. தெரிந்து தின்னட்டும் என்கிறது. மருத்துவச் செலவு கடைசியில் எல்லார் வரிப்பணத்திலும்தானே விழுகிறது என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வாதத்தை ஏற்றால் உடற்பயிற்சி செய்யாதவருக்கும் அபராதம் போடலாம். செலவுக்கு வரி சரியான பதில், காவலர் தேவையில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் வரைவு ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜனவரியில் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அபராதத்தை 2,000 ரூபாயாக்குவது, வாங்கும் வயதை 21 ஆக்குவது, விடுதி, உணவகம், விமான நிலையப் புகையறைகளை நீக்குவது ஆகியவை அதில் இருந்தன. மூன்றிலும் முதலில் செய்ய வேண்டியது புகையறைகளை மூடுவதுதான். அதற்கு அரசுக்குச் செலவு இல்லை, ஏழைக்குச் சுமை இல்லை; அங்கே பரிமாறும் ஊழியரின் நுரையீரலும் தப்பும். அந்த வரைவு சட்டமாகவில்லை.