சினைப் பன்றிக்கு எவ்வளவு தீனி?

"பன்றிதானே, எதையும் தின்னும், அதற்கென்று தனித் தீனி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எதையும் தின்னும் என்பது உண்மைதான். ஆனால், பத்துக் குட்டிகளை வயிற்றில் சுமக்கும் பன்றிக்கு எதையாவது கொட்டினால் நஷ்டம் நமக்கே!

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெருத்தால் ஆபத்து

"பாவம், சினையாக இருக்கிறதே" என்று முதல் நாளிலிருந்தே தொட்டியை நிரப்பிவிடுகிறார்கள் பலர். இது வீண் செலவு. குட்டிகள் வேகமாக எடை கூடுவது கடைசி மாதத்தில்தான். அதற்கு முன் கொடுக்கும் அதிகத் தீனி தாயின் உடம்பில் கொழுப்பாகச் சேரும். கொழுத்த பன்றி குட்டி போடச் சிரமப்படும். ஈன்ற பிறகு சரியாகத் தீனி எடுக்காது, பாலும் குறையும். பொத்தென்று படுத்துக் குட்டிகளை நசுக்கியும்விடும். பிறந்த குட்டியின் எடை சுமார் ஒன்றேகால் கிலோதானே!

வெள்ளை யார்க்ஷயர் போன்ற பெரிய இனத்துக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2½ கிலோ கலப்புத் தீவனம் போதும். கடைசி மாதத்தில் சுமார் 3 கிலோ. மக்காச்சோளம், தவிடு, பிண்ணாக்கு, மீன் தூள், தாது உப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் மட்டும் வேண்டாம்; கருவையே கெடுக்கும்.

அளவு சரிதானா என்று அறிய முதுகில் கை வையுங்கள். அழுத்தினால் முதுகெலும்பு தட்டுப்பட வேண்டும். கண்ணுக்கே தெரிந்தால் தீனி குறைவு; அழுத்தியும் தெரியாவிட்டால் அதிகம்.

ஓட்டல் எச்சில்

ஓட்டல் மிச்சத்தை நம்பிப் பன்றி வளர்ப்பவர்கள் அதை நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். 2020-ல் அஸ்ஸாமில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இப்படியும் பரவக்கூடியது. அதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. விறகுச் செலவைப் பார்த்தால் கொட்டிலே காலியாகிவிடும்!

ஈனும் நாள் நெருங்கும்போது தீனியைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினால் மலச்சிக்கல் வராது. குடிநீர் எப்போதும் இருக்கட்டும். ஈன்ற பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு வாரத்தில் 5 கிலோ வரை கொண்டுவரலாம். இங்கே கஞ்சத்தனம் கூடாது.

தாய்க்கு எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் அதன் பாலில் இரும்புச் சத்து போதிய அளவு வராது. ஆகவே, பிறந்த மூன்று நாட்களுக்குள் குட்டிகளுக்கு இரும்புச் சத்து ஊசி போடக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.